முன் கண்ணாடியில் உப்புக்கறை

செப்டம்பர் 1, வியாழன்

புது நோட்டு. பழையதில் பக்கம் தீர்ந்துவிட்டது.

வண்டி எடுத்த நேரம், போன இடம், மீட்டர் எண், வண்டிக்குப் பார்த்த வேலை எல்லாம் எழுத வேண்டும் என்பது வசந்தாமணி அம்மாவின் சட்டம். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவர். எழுதாத காரியம் நடக்காத காரியம் என்பார். நான் இந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக டிரைவர்; பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். முன்பெல்லாம் மாதக் கடைசியில் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். உடம்புக்கு முடியாமல் போன பிறகு பார்ப்பதில்லை. அதனால் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணி நேரம் வேறு என்னதான் செய்வது?

இன்று வண்டி எடுத்தது பதினொன்றரை. பல்லடத்திலிருந்து சூலூர் வழியாகக் கோயமுத்தூர். அம்மாவுக்கு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை டயாலிசிஸ். வீடு சேர்ந்தது ஆறே முக்கால். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் இதே ஓட்டம். கிட்னி இரண்டும் வேலைநிறுத்தம் செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

வண்டிக்குப் பார்த்த வேலை: கெடுத்த வேலை என்று எழுத வேண்டும். நேற்று உச்சி வெயிலில் போர் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, துடைக்காமல் சாப்பிடப் போய்விட்டேன். எங்கள் போர் தண்ணீர் அப்படியொரு உப்பு. வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வெள்ளை வளையம். ஈரத்துணிக்கு அசையவே இல்லை. முப்பத்துநாலு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் செய்கிற காரியமா இது? வேறு எவனாவது செய்திருந்தால் நாலு பேருக்கு முன்னால் வைத்துக் கிழித்திருப்பேன்.

செப்டம்பர் 3, சனி

அம்மா சமையலறையிலிருந்து ஒரு பாட்டில் வினிகர் எடுத்துக் கொடுத்தார். பாதி வினிகர், பாதி கேன் தண்ணீர். துணியில் நனைத்துக் கறைமேல் ஒட்டவைத்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். பக்கத்துக் கண்ணாடி நாலும் சுத்தமாகிவிட்டன. பின் கண்ணாடியும் பரவாயில்லை. வண்டிக்குள் ஊறுகாய் வாசம் வருகிறது என்று அம்மா சிரித்தார். அவருக்கு ஊறுகாய் விலக்கு. வாசத்துக்கு விலக்கில்லை என்றார்.

முன் கண்ணாடி மட்டும் மசியவில்லை. பகலில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது இருட்டுக் கட்டிய பிறகு எதிரே வருகிற ஒவ்வொரு விளக்குக்கும் முடி முளைத்திருக்கிறது. சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம். உப்பு உள்ளே இறங்கிவிட்டது.

செப்டம்பர் 6, செவ்வாய்

கோவை போய்த் திரும்பியது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பலனில்லை.

செப்டம்பர் 8, வியாழன்

திருநீறு போட்டுத் தேய்த்தேன். வெள்ளிப் பாத்திரத்தையே பளபளக்க வைக்கிற சாமான். நீரில் குழைத்துப் பூசி, காயவிட்டு, மல் துணியால் துடைத்தேன். வண்டி பழனிக்குப் போய் வந்தது போல் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் வளையம் அப்படியே.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கிளம்பும்போது அம்மா கேட்டார், இன்னும் போகலையா என்று. போகவில்லை என்றேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து உள்ளேயிருந்து பார்த்தார். இறங்கிப் போய் வெளியேயிருந்து பார்த்தார். விரலால் தடவினார். சேலை முந்தானையால் ஓர் இடத்தைத் துடைத்து மறுபடி பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா சென்னியப்பா, இருக்குது. லேசா இருக்குது" என்றார்.

அம்மாவே சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

செப்டம்பர் 13, செவ்வாய்

அம்மாவை உள்ளே விட்டுவிட்டு, சிங்காநல்லூரில் இஸ்மாயிலின் வாட்டர் வாஷ் கடைக்குப் போனேன். அவனிடம் கண்ணாடிக்கென்றே ஒரு பாலிஷ் பவுடர் இருக்கிறது. மிஷினில் வைத்துச் சுற்றித் தேய்ப்பான். கண்ணாடியில் தண்ணீர் அடித்துக் கட்டை விரலால் இழுத்தான். கீச்சென்று சத்தம் வந்தது.

"அண்ணா, இதுல ஒண்ணுமே இல்லீங்ணா. புதுக் கண்ணாடியாட்டம் இருக்குது" என்றான்.

ஒன்றுமில்லாமலா நான் இத்தனை தூரம் வந்து நிற்கிறேன்? தேய்டா என்றேன். முக்கால் மணி நேரம் தேய்த்தான். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. வண்டி கழுவுகிறவன் வண்டி கழுவினால் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பித்தபோது டாக்டரே எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சந்தேகம் இருந்தால் பார்த்திருக்க மாட்டாரா?

செப்டம்பர் 15, வியாழன்

பாலிஷ் போட்டும் போகவில்லை. இஸ்மாயிலுக்கு வேலை மறந்துபோய்விட்டது.

செப்டம்பர் 17, சனி

இன்றிலிருந்து அம்மா முன் சீட்டில் உட்காருகிறார். கால் வீங்குகிறது, நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும் என்கிறார். பத்தொன்பது வருஷம் பின்னால் இடது ஓரம் உட்கார்ந்தவர். பக்கத்தில் அவர் இருப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேச்சும் அதிகமாகிவிட்டது. லாரி திரும்புது பாரு, ஸ்கூட்டர்க்காரன் குறுக்கே வர்றான், பச்சை விழுந்துடுச்சு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருகிறார். வாய்வரைக்கும் வந்துவிட்டது, நீங்களே ஓட்டுங்கள் என்று. நோயாளியிடம் என்ன பேசுவது? நீண்ட நாள் ஊசி குத்திக்கொண்டே இருந்தால் யாருக்கும் பயம் வரும்தான்.

சூலூர் தாண்டி முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அது எந்த ஊர் பஸ் சென்னியப்பா என்று கேட்டார். திருச்சி பஸ்ஸுங்கம்மா என்றேன். ஆமா, திருச்சிதான் என்றார். முந்திப் போகும்போது பார்த்தேன், மஞ்சள் நிறக் காலேஜ் பஸ். அம்மாவுக்கும் பார்வை மங்கி வருகிறது போலிருக்கிறது. சர்க்கரை கண்ணையும் பிடிக்கும் என்பார்கள். பாவம்.

செப்டம்பர் 22, வியாழன்

பத்தொன்பது வருஷத்தில் முதல் கீறல். வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடி தூணில் உரசி உடைந்துவிட்டது. தூண் எங்கேயும் போகவில்லை, அங்கேதான் நின்றது. ஆறே முக்கால் மணி, தெருவிளக்கு நேர் எதிரே; முன் கண்ணாடியில் அந்த எழவெடுத்த வளையம் வேறு.

பூனாவிலிருந்து அம்மாவின் மகள் தாரிணி போனில் கேட்டபோது, நான் கதவைத் திறந்து வெச்சிருந்தேன் சாமி, என்னாலதான் உடைஞ்சுது என்று சொன்னது என் காதில் விழுந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. நான் கார் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 24, சனி

வீட்டில் என் சம்சாரம் துளசியிடம் பேச்சு வாங்கினேன், டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன் என்று. கை நடுங்கியது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நோட்டில் இதை எழுதக் காரணம் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். இனி காலை ஏழு மணி ஷிஃப்ட். ஐந்தே முக்காலுக்கெல்லாம் கிளம்ப வேண்டும். அம்மா நாலரைக்கு எழுந்து, இட்லி இறங்காமல் பாதியிலேயே வைத்துவிட்டு வருகிறார். பாதி வழியில் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

டயாலிசிஸ் பிரிவில் எஸ்தர் சிஸ்டரிடம், எதற்கு இந்த வயசில் இவரை இப்படி அலைக்கழிக்கிறீர்கள் என்று கேட்டேன். நாங்க மாத்தலீங்க, அம்மாதான் கெஞ்சிக் கேட்டு வாங்கினாங்க, காலையில அவங்களுக்கு பிரஷர் எறங்கிப் போகுதுன்னு டாக்டர் வேண்டாம்னாரு, கேக்கலை என்றார்.

ஏன் கேட்டு வாங்கினார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கென்னவோ வசதிதான். போகும்போது மேற்கே போகிறோம், வெயில் முதுகுப் பக்கம். வரும்போது நடுப்பகல். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே விடிந்துவிடுகிறது, விளக்குக்கு அதிகம் வேலை இல்லை. கண்ணாடிக் கறை தொந்தரவு பண்ணுவதில்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. டயாலிசிஸ் மெஷினுக்கு லீவு கிடையாது. போய்விட்டு வந்து மத்தியானம் வண்டிக்குப் பூஜை போட்டோம். சந்தனமும் குங்குமமும் பேனட்டில் மட்டும் வைத்தேன். முன் கண்ணாடியில் ஒரு பொட்டும் வைக்க விடவில்லை. இருக்கிற கறை போதும்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, அம்மா ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம்.

"நானும் காட்டோணும். நீ துணைக்கு வா. அப்படியே நீயும் ஒரு பார்வை காட்டிக்கலாம்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9, ஞாயிறு

முகாமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம். நிற்க முடியாமல் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. மைக்கில் சென்னியப்பன் என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். வண்டிக்கு ஆள் வேண்டும் என்று வெளியே இருந்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வெளியே வந்து, உன்னைக் கூப்பிட்டாங்களே என்றார். காதில் விழவில்லை என்றேன். வீடு வரைக்கும் எதிரே வந்த லாரியைக்கூடச் சொல்லவில்லை. இறங்கும்போது, கண்ணுக்கு ஆபரேஷன் இப்பல்லாம் பத்து நிமிஷ வேலையாம், மறுநாளே வீட்டுக்கு விட்டுடறாங்களாம் என்று பொதுவாகச் சொன்னார்.

என் பெரியப்பா மகன் கருப்பணனும் லாரி ஓட்டியவன்தான். கண்ணில் பூ விழுந்தது என்று ஆபரேஷன் செய்துகொண்டான். பத்து நிமிஷ வேலைதான். முதலாளி ரெஸ்ட் எடுத்துக்கோ என்றார். ஆறு மாதம் ரெஸ்ட் எடுத்தான். அதற்குள் அவன் லாரியில் வேறு ஆள். இப்போது மில் வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு போகிற வருகிற வண்டிக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறான். கத்தி பட்ட கண்ணை நம்பி யார் சாவி கொடுப்பார்கள்? எனக்கு ஐம்பத்தொன்பது. ஓட்டுவதைத் தவிர எனக்கு ஒரு தொழிலும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

அக்டோபர் 15, சனி

விடியற்காலையில் நல்ல மழை. மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழியும்போது எதிர் வண்டி விளக்கு ஒவ்வொன்றும் சக்கரம் அளவுக்கு விரிகிறது. புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும். அந்தக் காலத்து லாரிக்காரர் வித்தை. தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தார்.

"இன்னிக்கு வர வேண்டாம் சென்னியப்பா. ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேராம். செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்."

சரிங்கம்மா என்றேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 18, செவ்வாய்

மழை இல்லை. கோவை போய்த் திரும்பியது.

அக்டோபர் 20, வியாழன்

மழை. மறுபடியும் மெஷின் ரிப்பேர். வண்டி ஓடவில்லை.

அக்டோபர் 22, சனி

வெயில். போனோம். எடை பார்க்கும்போது உடம்பில் நாலரைக் கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது. முகம் உப்பி, செருப்புக்குள் கால் நுழையவில்லை. பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். எஸ்தர் சிஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்துல ரெண்டு நாள் வரலைன்னா என்னம்மா அர்த்தம் என்று சத்தம் போட்டார்.

மெஷின் ரிப்பேர்னு நீங்கதானே சொன்னீங்க என்று நான் குறுக்கே பேசினேன்.

"எந்த மெஷினுங்க? இங்க பன்னெண்டு மெஷின் ஓடுது" என்றார் சிஸ்டர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போலாம், நேரமாகுது என்றார்.

சிஸ்டருக்குத் தெரிந்திருக்காது. பெரிய ஆஸ்பத்திரி. ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாது. வெளியே வந்து வண்டியைத் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்தேன்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. அம்மா எனக்கு வேட்டி சட்டை, துளசிக்குச் சேலை. இந்த வருஷம் தாரிணிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் விடுகிற புஸ்வாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாத் தெரியுதா சென்னியப்பா என்று கேட்டார். ஜோராத் தெரியுதுங்கம்மா என்றேன். எனக்குத் தெரிந்தது ஒரு பெரிய வெள்ளைப் பஞ்சு.

அக்டோபர் 29, சனி

கோவை போய்த் திரும்பியது. வானம் மூட்டம். வழி முழுக்க அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். இன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பச்சை என்ற பிறகுதான் கிளம்பினேன்.

நவம்பர் 1, செவ்வாய்

மழை. அம்மா போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. மெஷின் என்று ஆரம்பித்தார். நான் முழுக்கக் கேட்காமல் சரிங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2, புதன்

மழை. சமையலுக்கு இருக்கும் ருக்மணி சொல்லியனுப்பியது: அம்மா படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாராம். போய்ப் பார்த்தேன். ஒண்ணுமில்லை, நாளைக்கு மழை விட்டுடும் என்றார். என் வீடு அதே தெருவில் எட்டாவது வீடு. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கென்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 3, வியாழன்

மழை விடவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து, சட்டை போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வா என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று இருந்தது. ஐந்தே காலுக்குக் கூப்பிட்டார். வேண்டாம் என்றார். துளசி கேட்டாள், இன்னிக்குமா போகலை என்று. ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் என்றேன்.

என் வாயால் நானே சொன்னேன் அதை.

நவம்பர் 5, சனி

விடியற்காலை நாலே முக்காலுக்கு ருக்மணி ஓடி வந்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, வாயில் நுரை வருகிறது. நான் சாவியை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னேன். பத்தொன்பது வருஷம் அந்த வீட்டு வண்டியை ஓட்டியவன், கண்ணெதிரே வண்டி நிற்கும்போது, வேறு வண்டியைக் கூப்பிடச் சொன்னேன். அது வர இருபது நிமிஷம் ஆயிற்று.

ருக்மணி அம்மாவோடு பின்னால் ஏறிக்கொண்டாள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சூலூர் வரைக்கும் எதிரே லாரி வரிசை. ஒவ்வொரு விளக்குக்கும் முடி முளைத்திருந்தது. ஒவ்வொன்றைச் சுற்றியும் அதே வெள்ளை வளையம். கண்ணாடியில் கறை இருக்குதுங்களா என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், புது வண்டிங்க, எறக்கிப் பத்து நாள்தான் ஆகுது என்றார்.

அந்த வண்டியை நான் கழுவவில்லை. அதில் எங்கள் போர் தண்ணீர் பட்டதில்லை. வளையம் என் கண்ணில் இருக்கிறது. முதல் வாரத்தில் கறை இருந்தது, வினிகரிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் நான் தேய்த்ததெல்லாம் சுத்தமான கண்ணாடியை. இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று எழுதினால் அதுவும் பொய்.

பதினொரு மணிக்கு அம்மா போய்விட்டார். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார் டாக்டர்.

எஸ்தர் சிஸ்டர் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுதிருந்தார். வியாழக்கிழமை சிஸ்டரே எங்கள் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். மழைன்னா என்ன, ஒரு டாக்ஸி வெச்சுட்டாவது வாங்கம்மா என்று கெஞ்சியிருக்கிறார்.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'டாக்ஸி வந்து வாசல்ல நின்னா எங்க டிரைவர் பாத்துடுவாரு சிஸ்டர். தனக்குக் கண்ணு போச்சு, வேலை போச்சுன்னு மனசு ஒடைஞ்சு போயிடும். மழை ஒரு நாள்ல விட்டுடும், நான் தாங்கிக்குவேன்'னாங்க."

சிஸ்டர் எழுந்து போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. நான்தான் கொன்றேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஊர் வந்தேன்.

நவம்பர் 6, ஞாயிறு

தாரிணி வந்துவிட்டார். தகனம் முடிந்தது. வண்டி ஓடவில்லை.

நவம்பர் 7, திங்கள்

துளசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாரிணியிடம் சொல்லாதீங்க என்றாள். போனவங்க போயிட்டாங்க, அவங்களே மூடி வெச்சதை நீங்க எதுக்குத் தொறக்கறீங்க, அந்தப் புள்ளை மனசு என்ன பாடுபடும் என்றாள். பாதி நியாயம்தான். மீதிப் பாதியில் என் வேலை இருக்கிறது. தாரிணி இன்று காலையில்தான் சொன்னார், வண்டியை விற்கப்போவதில்லை, வீட்டையும் வண்டியையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சொல்லாமல் இருந்தால் சாவி என்னிடமே இருக்கும். கண் ஆபரேஷனைக்கூட யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டு வந்துவிடலாம்.

படுத்தும் தூக்கம் இல்லை.

நவம்பர் 8, செவ்வாய்

இன்று அஸ்தி கரைக்க பவானி கூடுதுறைக்குப் போக வேண்டும். காரியம் செய்ய தாரிணியின் பெரியப்பா மகன் ஈரோட்டிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆறு மணிக்கே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். தூறல். தாரிணி மஞ்சள் துணி கட்டிய கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய ஆறு வயது மகள் தூக்கக் கலக்கத்தில் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் சாவியை என்னிடம் நீட்டினார்.

"அண்ணா, அம்மாவுக்கு உங்க வண்டின்னாத்தான் நிம்மதி. கடைசியாவும் நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

கை நீளவில்லை. அவர் கலயத்தோடு முன் சீட்டுக் கதவைத் திறந்தார். குழந்தை பின்னால் ஏறப் போனாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அழுது அழுது கண் மங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"ரெண்டு மாசமா தெரியறதில்லீங்க. அம்மாவுக்குத் தெரியும். மழையில என்னைய ஓட்ட விடக்கூடாதுன்னுதான் அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகலை. டாக்ஸி வெச்சாலும் நான் பாத்துடுவேன்னு வெக்கலை. எனக்கு அக்டோபர்லயே விளங்கிடுச்சுங்க. விளங்காத மாதிரி இருந்துட்டேன்."

தாரிணி கதவைப் பிடித்தபடியே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை நாள் போகலை என்று கேட்டார். நாலு நாளுங்க என்றேன். உதடு அசைய அவர் அந்த நாலை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குழந்தையை இறக்கி, கலயத்தோடு படியில் உட்கார்ந்து, போனை எடுத்து டாக்ஸிக்குச் சொன்னார். என்னை வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நான் ஷெட் ஓரமாக நனைந்துகொண்டு நின்றேன்.

பன்னிரண்டு நிமிஷத்தில் டாக்ஸி வந்துவிட்டது. அவ்வளவுதான் ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஹார்ன் அடித்தான். அங்கே வேறு யாரும் இல்லாததால் நான்தான் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.